இரண்டு பேர், நான்கு முட்டிகள், மூன்று மாடி

மூட்டு தேய்ந்தவன் ஒரு புது ஊருக்குப் போனால் கோயிலோ கடைத்தெருவோ முதலில் கண்ணில் படாது. படிதான் படும். எத்தனை படி, பிடித்துக்கொள்ளக் கம்பி இருக்கிறதா, கம்பி ஆடுகிறதா, சுற்றிக்கொண்டு போக வேறு வழி உண்டா என்று கண் தானாகக் கணக்குப் போடும். எனக்கு இந்த ஞானக்கண் திறந்து சில வருடங்கள் ஆகின்றன.

எங்கள் மாயவரத்தில் இது அதிகம் தேவைப்படாது. காவிரிப் படித்துறைப் பக்கம் போகாமல் இருந்தால் போதும், மற்றபடி ஊர் பாய் விரித்தாற்போல் கிடக்கும். அங்கே நான் நல்ல நடையாளன் என்றே பெயர். அந்தப் பெயர் கோலார் தங்கவயலில் இறங்கிய அன்றைக்கே போனது.

போன காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். என் மனைவி செல்வியின் அண்ணன் ஏழுமலை அங்கே சுரங்கத்தில் வேலை பார்த்தவர். சுரங்கத்தை மூடிய பிறகு கிடைத்த வேலையெல்லாம் செய்து, இப்போது வீட்டோடு இருக்கிறார். மனைவி இல்லை. ஒரே மகள் ரேவதி பெங்களூரில் வேலைக்குப் போய், கூட வேலை பார்த்த மஞ்சுநாத் என்கிற கன்னடப் பையனைக் கட்டிக்கொண்டாள். அந்தக் கல்யாணத்துக்கு மச்சான் முதலில் முகத்தைத் தூக்கினார், பிறகு இறக்கினார். முழுதாக இறக்கினாரா என்பதில்தான் குடும்பத்தில் இரண்டு கட்சி.

ரேவதிக்கு ஹாசனில், மாமியார் வீட்டில் பெண் குழந்தை பிறந்தது. குழந்தையோடு அவள் பெங்களூர் வீட்டுக்குத் திரும்பியதும் மச்சான் ஒரு பை நிறைய அவரைக்காயும் கேழ்வரகு மாவும் எடுத்துக்கொண்டு போனார். மூன்றாம் மாடியில் வீடு. வாசல்வரை போனவர் பையை வாட்ச்மேனிடம் கொடுத்தார், மேலே ஏறமாட்டேன் என்று சொன்னார், திரும்பி நடந்துவிட்டார். வாட்ச்மேன் மேலே வந்து அதை அப்படியே ரேவதியிடம் சொல்லியிருக்கிறான்.

அன்றிலிருந்து அவள் அப்பாவுக்குப் போன் செய்யவில்லை. அத்தைக்காரிக்கு மட்டும் செய்தாள். வருகிற ஞாயிற்றுக்கிழமை குழந்தைக்குக் காது குத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைக்க அவளுக்கு அண்ணன் தம்பி கிடையாது. அப்பா மடிதான் என்று முடிவு செய்திருந்தாளாம். "இதுக்கும் வரலன்னா எனக்கு அப்பா இல்லன்னு நெனச்சுக்கறேன் அத்தை" என்றாளாம். என் மனைவி அழுதுகொண்டே சொன்னாள்.

அவளுக்குப் பேரனைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விடுகிற உத்தியோகம் இருந்ததால் தூது போகும் வேலை எனக்கு வந்தது. தாலுகா ஆபீசில் இருந்தபோது எத்தனையோ வரப்புத் தகராறுகளைப் பேசித் தீர்த்தவன் நான். ரயிலில் ராத்திரி முழுக்க ஒரு பேச்சைத் தயார் செய்தேன். பெற்ற மனம், பேத்தியின் பிஞ்சுக் கை, மொழி வேறானாலும் மனிதர் ஒன்று என்பதெல்லாம் அதில் வரும். கேட்டால் கல்லும் கரைந்திருக்கும்.

பங்காருப்பேட்டையில் வண்டி மாறினேன். அந்த வண்டி காலை வெயில் ஏறாத நேரத்தில், தங்கவயலுக்குள் இருக்கிற சாம்பியன் ரீப்ஸ் ஸ்டேஷனில் நின்றது. நான் இருந்த பெட்டி பிளாட்பாரத்தைத் தாண்டி நின்றுவிட்டது. வாசலில் நின்று கீழே பார்த்தேன். தை மாதக் குளிரில் ராத்திரி முழுக்க மடங்கிக் கிடந்த முட்டி, என்னால் முடியாது என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டது. கடைசிப் படிக்கும் தரைக்கும் நடுவே ஒரு ஆள் உட்காரலாம் போலிருந்தது.

எனக்குப் பின்னால் டிபன் கூடையோடு ஒரு அம்மாள். "இன்னாண்ணா, எறங்கறீங்களா, மாரிகுப்பம் வரீங்களா?" என்றாள். மாரிகுப்பம் அடுத்த ஸ்டேஷன். வலி என்று சொல்ல வெட்கப்பட்டு, செருப்பு வழுக்குகிறது என்றேன். அவள் செருப்பைப் பார்க்கவில்லை, முட்டியைப் பார்த்தாள். திரும்பி நின்று, ஏணியில் இறங்குவது மாதிரி கம்பியைப் பிடித்துக்கொண்டு இறங்கச் சொன்னாள். அப்படியே இறங்கினேன். கோலார் தங்கவயலுக்கு நான் முதலில் காட்டியது முதுகைத்தான்.

ஸ்டேஷனுக்கு வருகிறேன் என்று சொல்லியிருந்த மச்சான் பிளாட்பாரத்தில் இல்லை. எங்கே என்று பார்த்தால், வாசல் படிகளுக்குக் கீழே, ஒரு ஆட்டோவில் சாய்ந்துகொண்டு நிற்கிறார். மேலே வரவில்லை. அங்கிருந்தே, "வாங்க மாப்ளே, இன்னா காலை இழுத்துனு வரீங்க?" என்று குரல் கொடுத்தார். ரயிலில் கால் மரத்துவிட்டது என்றேன். ஒரே காலையில் இரண்டாவது பொய்.

அவர் வீடு இருக்கிற குடியிருப்புக்குப் பெயர் ஸ்கெலட்டன். எலும்பு தேய்ந்தவன் போய்த் தங்க இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது. சுரங்கக்காரர்களுக்காக அந்தக் காலத்தில் வரிசையாகக் கட்டிய வீடுகள். எல்லாம் தரையோடு தரை, மாடி என்ற பேச்சே இல்லை. எனக்கு வாசலிலேயே பிடித்துப்போனது.

உள்ளே போனதும் கவனித்தேன். கட்டிலின் நான்கு காலுக்கும் இரண்டிரண்டு செங்கல் முட்டுக்கொடுத்திருந்தது. கேட்டதற்கு, எலித் தொல்லை என்றார். எலிக்குச் செங்கல் ஏறத் தெரியாதா என்று நான் கேட்கவில்லை. ஏனென்றால் மாயவரத்தில் என் கட்டிலும் செங்கல்மேல்தான் நிற்கிறது. தாழ்ந்த இடத்தில் உட்கார்ந்தால் எழுந்திருப்பதற்குள் ஒரு யுகம் ஆகிவிடும் என்பது எங்கள் மூட்டுவலிச் சங்கத்தில் எல்லோருக்கும் தெரியும்.

மதியம் களியும் பிதுக்கம்பருப்புக் குழம்பும். அவரைக்கொட்டையை ஊறவைத்துத் தோலைப் பிதுக்கி எடுத்து வைக்கிற குழம்பு, பனிக்காலத்தில்தான் கிடைக்கும். களியை நான் சோறு மாதிரி மென்றுகொண்டிருந்தேன். மெல்லக் கூடாது, குழம்பில் தோய்த்து விழுங்க வேண்டும் என்று மச்சான் செய்து காட்டினார். காவிரித் தண்ணீர் குடித்தவர்களுக்கு எல்லாவற்றையும் மென்று பார்க்கிற புத்தி என்றார். அடுத்த உருண்டையை மெல்லாமல் விழுங்கினேன்.

சாப்பிட்டு முடித்து எழுந்தபோது இருவரும் ஒரே சமயத்தில் மேஜையைப் பிடித்தோம். அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டார், நான் காலண்டர் பக்கம் பார்த்துக்கொண்டேன்.

மாலையில் பேச்சை எடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை பெங்களூர் போகலாமே என்றேன். பெங்களூர்த் தண்ணி ஒத்துக்கொள்வதில்லை என்றார். புகை என்றார். ஆட்டோக்காரன் சுற்றிக்கொண்டு போகிறான் என்றார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். ஆனால் எந்த ஆட்டம் தெரியாமல் இந்தக் கோணல் என்பது அன்றைக்கு எனக்குப் புரியவில்லை. கல்யாணக் கோபம் இன்னும் உள்ளே இருக்கிறது என்றே நினைத்தேன்.

மறுநாள் காலை எழுந்து முட்டியை மெதுவாக நீட்டி மடக்கிக்கொண்டிருந்தேன். ராத்திரி இறுகிப்போகும் மூட்டு, நாலு எட்டு நடந்தால்தான் இளகும். அடுத்த அறையிலும் கட்டில் அதே தாளத்தில் முனகியது.

பேத்தமங்களா ஏரியைப் பார்க்கலாம், ஊருக்கே தண்ணி கொடுத்த ஏரி என்று மச்சான் அழைத்துப் போனார். வெளியூரில் வைத்துப் பேசினால் மனம் இளகும் என்று நானும் கிளம்பினேன். ஆட்டோ கரைக்குக் கீழே இறக்கிவிட்டது. முன்னால் உயரமான கரை, அதன்மேல் ஏறப் படிகள், அந்தப் பக்கம் தண்ணீர். படியை நான் பார்த்தேன். அவரும் பார்த்தார்.

"போய்ப் பாருங்க மாப்ளே, நல்லா இருக்கும்" என்றார்.

நீங்கள் வராமல் நான் மட்டும் எப்படி என்றேன். தான் ஆயிரம் தடவை பார்த்தாயிற்று என்றார். அப்படியானால் முதலில் டீ குடிப்போம் என்றேன். கரையடியில் ஒரு டீக்கடை. டீயைக் குடித்தோம், வர்க்கி தின்றோம், இன்னொரு டீ குடித்தோம். காற்று நல்ல குளிர்ச்சி என்றார். ஏரிக்காற்று ஆயிற்றே என்றேன். இப்படியாக, அத்தனை தூரம் போன இரண்டு பேர் ஒரு சொட்டுத் தண்ணீரைப் பார்க்காமல் ஏரியின் அழகைப் புகழ்ந்துகொண்டிருந்தோம்.

சரி, இதுதான் நேரம் என்று என் பேச்சை ஆரம்பித்தேன். பெற்ற மனம் முடிந்து பிஞ்சுக் கைக்கு வந்தேன். மொழி வேறானாலும் என்று தொடங்கும்போது மச்சான் என்னை விசித்திரமாகப் பார்த்தார்.

"இன்னா மாப்ளே சொல்றீங்க? மஞ்சு தங்கமான பையன். அவன்மேல எனக்கு இன்னா கோவம்?"

பின்னே ஏன் வாசல்வரை போய்த் திரும்பினீர்கள் என்று கேட்டேன். டம்ளரை ஒருமுறை உருட்டினார். பிறகு தன் வலது முட்டியை ஒரு தட்டு தட்டினார்.

"நோவு மாப்ளே. ஏறவாச்சும் ஏறிடுவேன், கம்பியப் புடிச்சுனு. எறங்க முடியல. முட்டி பட்டுனு உட்டுடுது."

எனக்குத் தெரியாதா? ஏறும்போது மூச்சு வாங்கும், வலிக்கும், ஆனாலும் ஏறிவிடலாம். இறங்கும்போதுதான் உடம்பின் பாரம் மொத்தமும் மடங்கின முட்டிமேல் வந்து உட்கார்ந்துகொள்ளும். அடுத்த படியில் கால் படுவதற்குள் பின்கால் நம்மைக் கைவிட்டுவிடுமோ என்று கை கம்பியைத் தேடும். ஏற்றம் உழைப்பு, இறக்கம் பயம். ஆபீஸ் மாடிக்குக் கடைசியாகப் போனபோது இறங்க பயந்துகொண்டு, எல்லோரும் போகட்டும் என்று வேலை இருப்பதுபோல் உட்கார்ந்திருந்தவன் நான். அதையும் சொன்னேன். என் முட்டியையும் தட்டிக் காட்டினேன். அவர் வாய்விட்டுச் சிரித்தார். வந்தது முதல் அப்போதுதான் இருவரும் காலை நீட்டி நிம்மதியாக உட்கார்ந்தோம்.

அன்றைக்கு நடந்ததைச் சொன்னார். ரேவதி இருக்கிற கட்டடத்தில் லிஃப்ட் வைக்க இடம் விட்டுக் கட்டியிருக்கிறார்கள், லிஃப்ட் வைக்கவில்லை. அந்த ஓட்டைக்குப் பலகை அடித்து உள்ளே சைக்கிள் நிறுத்தியிருக்கிறார்களாம். சுரங்கத்தில் ஷாஃப்ட் என்கிற கிணறு போன்ற குழிக்குள் எவ்வளவோ ஆழத்துக்கு ஆட்களை இறக்கி ஏற்ற இரும்புக்கூண்டு உண்டு, கேஜ் என்பார்கள். அதிலேயே காலம் தள்ளினவருக்கு அதைப் பார்த்து ஆற்றாமை. "ஷாஃப்ட் வெட்டி வெச்சிருக்கானுங்க, கேஜ் போடல. மேலே சம்மந்தியம்மா வேற இருக்காங்க. அவங்க எதிர்ல நான் ஒவ்வொரு படியா உக்காந்து உக்காந்து எறங்கறதா?"

இதை ரேவதியிடம் சொல்லியிருக்கலாமே என்றேன். கைக்குழந்தைக்காரி, சொன்னால் வேலையை விட்டுவிட்டு இங்கே வந்து உட்கார்ந்துவிடுவாள் என்றார். அதோடு வாட்ச்மேனிடம் முடியவில்லை என்று சொல்லித்தான் வந்தாராம். அவன் சொல்லியிருப்பான், ஆனாலும் மகள் எப்படி இருக்கிறாய் என்று ஒரு போன் செய்யவில்லை.

வாட்ச்மேனிடம் என்ன சொன்னீர்கள், அப்படியே சொல்லுங்கள் என்றேன்.

"அவனுக்குத் தமிழ் வராது. கன்னடத்துலதான் சொன்னேன். நா ஹத்தல்லப்பான்னேன்."

டீ ஆற்றிக்கொண்டிருந்த கடைக்கார அம்மாள் கையை நிறுத்தினாள். இவ்வளவு நேரமும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். "ஐயா, ஹத்தல்லன்னா ஏறமாட்டேன்னு அர்த்தம். முடியலன்னா ஹத்தக்கே ஆகல்லன்னு சொல்லணும்" என்றாள். ஆயுசு முழுக்கக் கர்நாடகத்தில் இருந்துகொண்டு இதுகூடவா தெரியாது என்று ஒரு இடி வேறு.

"அதுல பாதி ஆயுசு பூமிக்கு அடியில இருந்தேம்மா. அங்க கல்லு கன்னடம் பேசல" என்றார் மச்சான். சொல்லிவிட்டுத்தான் அவருக்கு விஷயம் உறைத்தது. டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். மகள் காதில் என்ன போய் விழுந்தது என்று என்னைக் கேட்டார். சொன்னேன். எனக்கு அப்பா இல்லை என்று அவள் சொன்னதை மட்டும் சொல்லவில்லை.

உடனே ரேவதிக்குப் போன் போட்டு அவர் கையில் கொடுத்தேன். எடுத்தாள். இவர் "சாப்ட்டியாம்மா?" என்றார். அவள் என்ன சொன்னாளோ, "ம், நானும் சாப்ட்டேன்" என்றார். பிறகு என்னைப் பார்த்தார், கரையைப் பார்த்தார், போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். கையில் வாங்கிய நானாவது சொல்லியிருக்க வேண்டும். அதற்குள் அவள் வைத்துவிட்டாள். மறுபடி போட்டால் எடுக்கவில்லை.

இனி பேச்சு வேண்டாம், ஞாயிற்றுக்கிழமை போய் அந்த மூன்று மாடியையும் ஏறிவிடுவோம் என்றேன். இறங்குவதைப் பற்றி என்று இழுத்தார். அதை மேலே போய் யோசிக்கலாம் என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை பெங்களூர் வண்டி. நல்ல துணி உடுத்திய இரண்டு கிழவர்கள் இரண்டு கம்பியைப் பிடித்து ஏறுவதற்குள் கார்டு இரண்டு தடவை விசில் ஊதினார். வண்டிக்குள் சீட்டாடிக்கொண்டிருந்த கூட்டம் தள்ளி உட்கார்ந்து இடம் கொடுத்தது. மச்சான் வழி நெடுக "ஹத்தக்கே ஆகல்ல" என்று பரீட்சைக்குப் போகிற பிள்ளைபோல் முணுமுணுத்துக்கொண்டே வந்தார். எதிரில் இருந்த பெண் தன் தோழியிடம் கன்னடத்தில் ஏதோ சொல்ல, என்ன என்று கேட்டேன். பாவம், எந்தப் படியைப் பற்றி இவ்வளவு கவலை என்கிறாள் என்று மச்சான் மொழிபெயர்த்தார்.

பெங்களூர் ஸ்டேஷனில் தானே நகரும் படி இருந்தது. மச்சான் அதில் நின்று சும்மா மேலே போவதை ஒரு ராஜாவைப்போல் அனுபவித்தார். கேஜ் மாதிரி இருக்கு என்றார். மறுபுறம் இறங்க வழக்கமான படிதான் இருந்தது. ராஜா கம்பியைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் நண்டுபோல் இறங்கினார், பின்னாலேயே மந்திரி நானும் இறங்கினேன்.

ரேவதியின் கட்டடம். வாட்ச்மேன் இவரை அடையாளம் கண்டு எழுந்தான். மச்சான் படித்து வைத்திருந்ததை ஒப்பித்தார், முட்டியைத் தட்டிக் காட்டினார். அவன் முகம் மாறியது. தன் பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு எங்களுக்கு முன்னால் ஏறி, முதல் திருப்பத்தில் போட்டான்.

மாயவரத்தில் எனக்கு மூட்டுப் பயிற்சி சொல்லிக்கொடுக்கிற பெண் ஒரு சூத்திரம் சொல்லியிருக்கிறாள். ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது கெட்ட கால் முதலில். அதை மச்சானுக்குச் சொன்னேன். "எனக்கு ரெண்டுமே கெட்டதுதானே மாப்ளே" என்றார். இருப்பதில் யோக்கியன் எவனோ அவனை முன்னால் விடுங்கள் என்றேன். இடது கால் யோக்கியனாயிற்று. அது மேலே போகும், வலது வந்து அதே படியில் சேரும். பிறகு மறுபடி. தாலி கட்டி மணமேடை சுற்றுகிறவர்கள்கூட எங்களைவிட வேகமாக நடப்பார்கள். நாற்காலியில் அவர் உட்கார்ந்தார், பிறகு நான் உட்கார்ந்தேன், வாட்ச்மேன் அதை அடுத்த திருப்பத்துக்கு எடுத்துப்போனான்.

இரண்டாம் மாடி தாண்டியபோது மேலே ஒரு கதவு திறந்தது. ரேவதி கைப்பிடிச் சுவர்மேல் குனிந்து பார்த்தாள். தோளில் குழந்தை. அப்பா ஒரு படியில் இரண்டு காலையும் சேர்த்து வைத்து நின்று, மூச்சு வாங்கி, முகத்தைச் சுளித்துக்கொண்டு அடுத்த படிக்குக் காலைத் தூக்குவதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அவருக்கு நிமிர்ந்து பார்க்கத் தைரியம் இல்லை. பார்வை முழுக்கப் படியில்தான்.

குழந்தையை யாரிடமோ கொடுத்துவிட்டு இறங்கி வந்தாள். அவர் பக்கத்தில் வந்து, கைக்குள் கையைக் கொடுத்தாள். நான் டீக்கடையில் தெளிந்த கன்னட இலக்கணத்தை அவளுக்கு விளக்க வாயைத் திறந்தேன்.

"எனக்குத் தெரியுது மாமா" என்றாள். கண்ணெல்லாம் தண்ணீர். "முட்டியாப்பா?"

"லேசா" என்றார் அந்த மகாப் பொய்யர்.

உள்ளே பூஜைக்குக் கோலம் போட்டு மணை வைத்திருந்தது. அதைப் பார்த்ததும் மச்சானின் முகம் வாடியது. தரையோடு தரையாக இருக்கிற மணையில் உட்காருவது எங்கள் சங்கத்தில் தடைசெய்யப்பட்ட காரியம். அவர் யாரைப் பார்த்துக் கூச்சப்பட்டாரோ அந்தச் சம்பந்தியம்மாள் சுவரைப் பிடித்துக்கொண்டு, பக்கத்துக்குப் பக்கம் சாய்ந்து சாய்ந்து ஒரு நாற்காலியை இழுத்து வந்து போட்டார். கன்னடத்தில் நீளமாக ஏதோ சொன்னார். மஞ்சுநாத் சிரித்தபடி தமிழில் சொன்னான். ஹாசனிலிருந்து வந்தவர், இந்த மாடி ஏறி ஒரு மாதம் ஆகிறதாம். இறங்க பயந்துகொண்டு இதுவரை இறங்கவே இல்லையாம்.

மச்சான் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். குழந்தையை மடியில் வைத்தார்கள். ஆசாரி காதைத் தொட்டதும் அது வீடு அதிர அழுதது. பேத்தியோடு சேர்ந்து தாத்தாவும் அழுதார், அவருக்கு யாரும் காது குத்தவில்லை.

ஒப்பட்டும் சித்திரான்னமும் சாப்பிட்டு முடித்தோம். ஒப்பட்டு எங்கள் போளிதான், நெய் மட்டும் தாராளம். சாயங்கால வண்டிக்கு நேரமானது. நான் பையை எடுத்துக்கொண்டேன். மச்சானும் எழுந்து வாசலுக்கு வந்து, மாடிப்படியை மேலிருந்து எட்டிப் பார்த்தார். முகத்தில் காலையில் இருந்த பெருமை எல்லாம் இறங்கிவிட்டது. கையைக் கம்பியில் வைத்து, காலால் செருப்பைத் துழாவினார். என் செருப்பு இருந்தது. அவருடையது இல்லை.

"என் செருப்பு எங்கம்மா?" என்றார்.

ரேவதி குழந்தையைத் தோளில் தட்டிக்கொண்டே உள்ளிருந்து சொன்னாள். "எடுத்து வெச்சுட்டேன். எறங்க முடியாதவருக்கு எதுக்குப்பா செருப்பு?"

அவர் கம்பியிலிருந்து கையை எடுத்தார். என்னை ஒருமுறை பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். நான் மட்டும் கெட்ட காலை முன்னால் விட்டு, மூன்று மாடியும் மெதுவாக இறங்கி வந்தேன்.